ஒரே கொடி, ரெண்டு நீதி

(ஐடி பிரிவின் ஞாயிறு பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க தோழர்களே.)



நான் வக்கீல் இல்ல. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சவன். சட்டப் புத்தகத்தை வெச்சுக்கிட்டு வகுப்பு எடுக்கிற தகுதி எனக்குக் கிடையாது. ஆனா ஒரு மெஷின் எப்படி ஓடுதுன்னு பிரிச்சுப் பார்க்கிற பழக்கம் உண்டு. இன்னைக்குப் பிரிச்சுப் பார்க்கப் போறது ஒரு நீதிமன்றத்தை. அமெரிக்காவோட நீதிமன்றம்தான். ஆனா அது இருக்கிற இடம், கடல் தாண்டி அமெரிக்கா தன் கையில் வெச்சிருக்கிற தீவுகள்.

நீதிமன்றம்னா என்ன? ஒரு கட்டடம், ஒரு கொடி, ஒரு முத்திரை, கறுப்பு அங்கி போட்ட நீதிபதி. இதெல்லாம் அந்தத் தீவுகள்லயும் அப்படியே இருக்கு. வெளியில இருந்து பார்த்தா வித்தியாசமே தெரியாது. மூடியைக் கழட்டிப் பார்த்தாத்தான் உள்ளே வேற பாகம் மாட்டியிருக்காங்கன்னு தெரியும்.

*ஆரஞ்சுப் பழத்தில் தொடங்கிய வழக்கு*

1898. அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர். ஸ்பெயின் தோற்றது. அந்த வருஷம் டிசம்பரில் பாரிஸில் ஒப்பந்தம் போட்டாங்க. புவேர்ட்டோ ரிக்கோ, குவாம், பிலிப்பைன்ஸ் எல்லாம் கைமாறியது. அங்கே வாழ்ந்த மக்கள்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரெண்டு வருஷம் கழிச்சு, 1900-ல், புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து நியூயார்க் துறைமுகத்துக்கு ஆரஞ்சுப் பழம் வந்து இறங்குது. சுங்க அதிகாரி 659 டாலர் 35 சென்ட் வரி கட்டச் சொல்றார். பழத்தைக் கொண்டுவந்த டவுன்ஸ் என்ற நிறுவனம் பணத்தைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டது. அவங்க கேள்வி ரொம்ப எளிமையானது. அந்தத் தீவு இப்ப அமெரிக்காவோடதுதானே? அப்புறம் எதுக்கு சுங்க வரி?

பழத்துக்காகப் போட்ட வழக்கு, மனுஷங்களோட தலையெழுத்தை முடிவு பண்ணிடுச்சு. 1901-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது: தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம்; ஆனா வரி விஷயத்தில் அமெரிக்காவின் ஒரு பகுதி கிடையாது. அரசியலமைப்புச் சட்டத்தில் எது அங்கே செல்லும், எது செல்லாது என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கலாம்.

சொந்தம், ஆனா பகுதி இல்ல! வீட்டுப் பத்திரத்தில் உன் பேர் இருக்கும். ஆனா ஓட்டு கேட்டா நீ வெளியாள். இதுதான் அந்தத் தீர்ப்போட சாரம்.

இதுபோல அந்தக் காலத்தில் வந்த தொடர் தீர்ப்புகளுக்குத்தான் 'தீவு வழக்குகள்' என்று பேர். டவுன்ஸ் வழக்கில் நீதிமன்றத்தின் முடிவை அறிவித்தவர் நீதிபதி பிரவுன். வேற இனம், வேற மதம், வேற பழக்கவழக்கம் உள்ள மக்கள்கிட்ட நம்ம ஆங்கிலோ சாக்சன் நீதிமுறையை இப்போதைக்குக் கொண்டுபோக முடியாமல் போகலாம் என்ற பொருளில் அவர் எழுதினார். இந்தப் பிரவுன் யார் தெரியுமா? 1896-ல் பிளெஸ்ஸி வழக்கில், ரயிலில் கறுப்பர்களுக்குத் தனிப் பெட்டி வைப்பது சட்டப்படி சரி என்ற பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய அதே பிரவுன். அன்று ஒற்றை ஆளாக எதிர்த்தவர் நீதிபதி ஹார்லன். 1901-லும் எதிர்த்த நாலு பேரில் அவர் ஒருத்தர்.

தனிப் பெட்டித் தீர்ப்பின் அடித்தளத்தை 1954-ல் உச்ச நீதிமன்றமே உடைத்தது. தீவு வழக்குகளை இன்றுவரை ரத்து செய்யவில்லை. இதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. கடைசியில திரும்ப வருவேன்.

*ஒரு பத்திரிகை ஆசிரியர் ஜூரி கேட்டார்*

1917-ல் புவேர்ட்டோ ரிக்கோ மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. அப்பாடா, இனிமே சம உரிமைன்னு நினைச்சாங்க.

ஹெசுஸ் பால்சாக் என்ற பத்திரிகை ஆசிரியர், வாஷிங்டன் அனுப்பிய ஆளுநரை விமர்சித்து எழுதினார். அவதூறு வழக்கு. ஒரு வழக்கில் ஐந்து மாதம், இன்னொன்றில் நாலு மாதம் சிறை. ஜூரி வைத்து விசாரியுங்கள் என்று அவர் கேட்டார். அமெரிக்க அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் குற்ற வழக்கில் ஜூரி விசாரணை என்பதை உரிமையாகவே சொல்கிறது. நானும் குடிமகன்தானே என்பது அவர் வாதம்.

1922-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: குடிமகன்தான், ஆனா நீ இருக்கிற இடம் தீவு. அங்கே அந்த உரிமை தானாக வராது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி டாஃப்ட், முன்பு பிலிப்பைன்ஸில் அமெரிக்க ஆளுநராக இருந்தவர். ஆண்டவரே பின்னாளில் தீர்ப்பும் எழுதினார்!

*சரி, மெஷினைப் பிரிப்போம்*

நம்ம நாட்டில் நீதிமன்றம் ஒரே ஏணி. மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம். அமெரிக்காவில் ரெண்டு ஏணி. மாநிலச் சட்டத்துக்கு மாநில நீதிமன்றங்கள். ஒட்டுமொத்த நாட்டுச் சட்டத்துக்குக் கூட்டாட்சி நீதிமன்றங்கள். அதாவது ஃபெடரல் கோர்ட். அதில் கீழே மாவட்ட நீதிமன்றம், நடுவில் மேல்முறையீட்டு நீதிமன்றம், உச்சியில் உச்ச நீதிமன்றம்.

மாநிலங்களில் இருக்கும் ஃபெடரல் நீதிபதிக்கு அரசியலமைப்பின் 3-வது பிரிவு ரெண்டு கவசம் கொடுக்கிறது. ஒன்று, ஆயுட்காலப் பதவி. நாடாளுமன்றத்தில் பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேறினால் தவிர யாரும் அசைக்க முடியாது. ரெண்டு, சம்பளத்தைக் குறைக்க முடியாது. அதிபருக்குப் பிடிக்காத தீர்ப்பை எழுதிட்டு, அடுத்த நாள் காலையில் நிம்மதியாகக் காபி குடிக்கலாம்.

தீவுகளுக்கு இந்தப் பிரிவு தானாகப் பொருந்தாது. அங்கே நீதிமன்றத்தை உருவாக்குவது 4-வது பிரிவின் அதிகாரத்தில். நாட்டுக்குச் சொந்தமான நிலப்பரப்பு, சொத்து பற்றிய விதிகளை நாடாளுமன்றம் வகுக்கலாம் என்று சொல்கிற பிரிவு அது. ஆக, மாநிலத்தில் நீதிமன்றம் அரசியலமைப்பின் தூண். தீவில் அது சொத்து நிர்வாகத்தின் ஒரு கிளை.

ஐந்து தீவுப் பகுதிகள். 2020 கணக்கெடுப்புப்படி மொத்தம் சுமார் 36 லட்சம் பேர். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஏற்பாடு:

1. புவேர்ட்டோ ரிக்கோ: 1900-ல் ஃபெடரல் நீதிமன்றம் வந்தது, நீதிபதிக்கு நாலு வருஷப் பதவிதான். 1938-ல் எட்டு வருஷம் ஆக்கினார்கள். 1966-ல்தான் ஆயுட்காலம். மேல்முறையீடு பாஸ்டனுக்கு.

2. அமெரிக்க வெர்ஜின் தீவுகள்: 1917-ல் டென்மார்க்கிடமிருந்து 2.5 கோடி டாலருக்கு வாங்கியது. நீதிபதிக்குப் பத்து வருஷப் பதவி. மேல்முறையீடு பிலடெல்பியாவுக்கு.

3. குவாம்: 1950-ல் வந்த நீதிமன்றம். ஒரே ஒரு நீதிபதி. பத்து வருஷப் பதவி. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமையகம் சான் பிரான்சிஸ்கோ. 9,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம்.

4. வடக்கு மரியானா தீவுகள்: 1977 சட்டப்படி வந்தது. இங்கேயும் ஒரே நீதிபதி, பத்து வருஷம், அதே சான் பிரான்சிஸ்கோ.

5. அமெரிக்க சமோவா: ஃபெடரல் மாவட்ட நீதிமன்றமே கிடையாது. அங்குள்ள உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியை நியமிப்பவர் வாஷிங்டனில் உள்ள உள்துறை அமைச்சர். ஃபெடரல் குற்ற வழக்கு என்றால் ஹவாயிலோ வாஷிங்டனிலோ விசாரணை.

பட்டியலை இன்னொரு தடவை பாருங்க. ஒரே நாடு, ஒரே கொடி. நீதிபதியின் முதுகெலும்பு எவ்வளவு உறுதியாக இருக்கணும்கிறது மட்டும் ஊருக்கு ஊர் மாறுது.

*பத்து வருஷம் என்றால் என்ன ஆகும்?*

பத்து வருஷம் போதாதா என்று நீங்க கேட்கலாம். விஷயம் வருஷக் கணக்கில் இல்ல. பத்தாவது வருஷம் யார் கையைப் பார்த்து நிற்கணும் என்பதில்தான் இருக்கு.

பதவிக்காலம் முடிந்தால் அடுத்தவர் வரும்வரை நீதிபதி தொடரலாம் என்று சட்டம் சொல்கிறது. 2006-ல் பதவியேற்ற குவாம் நீதிபதியின் பத்து வருஷம் 2016-ல் முடிந்தது. அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் அதே நாற்காலியில் தொடர்ந்தார். அதாவது, அதிபர் இன்னொருவர் பேரை அனுப்பி செனட் ஒப்புக்கொண்டால் அன்றோடு இடம் காலி. காலம் முடிவதற்கு முன்பே கூட, காரணம் காட்டி அதிபர் நீக்கலாம். அங்கே உட்கார்ந்தவர்கள் நேர்மையில்லாதவர்கள் என்று நான் சொல்லவே இல்ல. அவங்க நேர்மையாக இருந்தால் அது அவங்க பெருமை. சட்டம் கொடுத்த பாதுகாப்பு கிடையாது.

அந்த செனட்டில் தீவு மக்களுக்கு எத்தனை உறுப்பினர்? பூஜ்யம். தீவில் வாழ்பவர் அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட முடியுமா? முடியாது. கீழவைக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பலாம். சட்டம் நிறைவேறும்போது அவருக்கும் வாக்கு இல்லை. நீதிபதியை முன்மொழிபவர் அதிபர், ஒப்புதல் தருவது செனட், நீதிமன்றத்தின் விதியை எழுதுவது நாடாளுமன்றம். மூன்றிலும் அந்த மக்களுக்கு வாக்கு இல்லை. நம்ம பாஷையில் சொன்னா, லாகின் கொடுத்திருக்காங்க. அட்மின் பாஸ்வேர்டு மொத்தமும் வேற ஆள் கையில.

இந்த நீதிபதிகள் வேற ரகம் என்பதை உச்ச நீதிமன்றமே ஒருமுறை வெளிப்படையாகச் சொல்லிடுச்சு. குவாமில் ஒரு போதைப்பொருள் வழக்கு. தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு. விசாரித்த மூன்று பேர் அமர்வில் ஒருத்தர் வடக்கு மரியானா தீவுகளின் தலைமை நீதிபதி. தண்டனை சரி என்று மூவரும் தீர்ப்புச் சொன்னார்கள். 2003-ல் உச்ச நீதிமன்றம் அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பையே ரத்து செய்தது. காரணம்? ஆயுட்காலப் பதவி இல்லாத அவர் அந்த அமர்வில் உட்காரச் சட்டத்தில் இடமில்லை.

இப்ப யோசிச்சுப் பாருங்க. அதே நீதிபதி தன் தீவில் ஒருத்தரை விசாரித்துச் சிறைக்கு அனுப்பலாம். அதற்கு அவர் முழு நீதிபதி. பெரிய நீதிமன்றத்தில் உட்காரப் போனால் மட்டும் தகுதி போதாது. அப்படின்னா தீவு மக்களுக்குப் போதும் என்று வைத்திருப்பது எந்தத் தரத்து நீதி?

*குவாம் மக்கள் கட்டிய நீதிமன்றம்*

1898-க்கு அப்புறம் குவாமை ஆண்டது அமெரிக்கக் கடற்படை. இடையில் ஜப்பானிய ஆக்கிரமிப்பு. போர் முடிந்தும் கடற்படை ஆட்சியே தொடர்ந்தது. 1949 மார்ச்சில் குவாம் சபை உறுப்பினர்கள் கடற்படை ஆளுநரின் அதிகாரத்தை எதிர்த்துச் சபையை ஒத்திவைத்துவிட்டு வெளியேறினார்கள். செய்தி அமெரிக்கா முழுக்கப் பரவியது. அடுத்த வருஷமே குடிமக்கள் ஆட்சிக்கான சட்டமும், குடியுரிமையும், ஃபெடரல் மாவட்ட நீதிமன்றமும் வந்தன. கேட்டதால் கிடைத்தது, யாரும் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை.

1974-ல் குவாம் சட்டமன்றம் இன்னொரு அடி எடுத்து வைத்தது. எங்க உள்ளூர் வழக்கின் மேல்முறையீட்டை எங்க நீதிபதிகளே கேட்கட்டும் என்று தங்களுக்கு ஒரு உச்ச நீதிமன்றத்தை உருவாக்கியது. 1977-ல் வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4-ல் அது செல்லாது என்றது. ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அதிகாரத்தை எடுத்து வேற நீதிமன்றத்துக்குக் கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. 1984-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது. 1996-ல்தான் குவாமின் உச்ச நீதிமன்றம் செயல்படத் தொடங்கியது. தங்கள் ஊர் வழக்கைத் தாங்களே கேட்க 22 வருஷம்!

*மொழியும் உயிரும்*

புவேர்ட்டோ ரிக்கோவில் ஆயுட்கால நீதிபதி வந்தாச்சே, அங்கே பிரச்சினை தீர்ந்ததா? இல்ல.

அந்தத் தீவின் தாய்மொழி ஸ்பானிஷ். வீடு, கடை, பள்ளிக்கூடம், உள்ளூர் நீதிமன்றம் எல்லாம் ஸ்பானிஷ். ஆனா ஃபெடரல் நீதிமன்ற நடவடிக்கை முழுக்க ஆங்கிலத்தில்தான் என்பது சட்டம். ஜூரியில் உட்காரவும் ஆங்கிலம் தெரிந்திருக்கணும். அப்போ ஆங்கிலம் சரளமாக வராத பெரும்பான்மை மக்கள், தங்கள் ஊரில், தங்கள் ஊர்க்காரர் மீதான வழக்கில் ஜூரியாக உட்கார வழியில்லை. குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் தன் விதியை மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்கிறார். இந்த வலியை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, தோழர்களே.

இன்னொன்று. 1952-ல் எழுதிய தங்கள் அரசியலமைப்பில் அந்த மக்கள் மரண தண்டனை கிடையாது என்று எழுதி வைத்தார்கள். ஆனாலும் ஃபெடரல் வழக்கில் அரசு மரண தண்டனை கேட்கலாம் என்று 2001-ல் பாஸ்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. தங்களுக்கு வேண்டாம் என்று ஒரு மக்கள் எழுதி வைத்தது, அவர்கள் ஓட்டுப் போடாத ஒரு நாடாளுமன்றத்தின் சட்டத்துக்கு முன்னால் நிற்கவில்லை.

*சமோவா சொல்லும் மறுபக்கம்*

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிட்டுப் போனா அது நேர்மை இல்ல. அதனால இதையும் கேளுங்க.

அமெரிக்க சமோவாவில் பிறந்தவர்கள் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள் இல்லை. ஆங்கிலத்தில் 'நேஷனல்' என்பார்கள். அமெரிக்காவின் கீழ் வருபவர், ஆனா குடிமகன் அல்ல. இதை எதிர்த்து சமோவாக்காரர் சிலர் வழக்குப் போட்டார்கள். 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை விசாரிக்கவே மறுத்தது. ஆனா அந்த வழக்கில் குடியுரிமை இப்படித் தானாக வரவேண்டாம் என்று எதிர்த்து நின்றது சமோவா அரசே!

ஏன்? அங்கே நிலத்தில் பெரும்பகுதி குடும்பக் கூட்டுச் சொத்து. 'மத்தாய்' என்ற குடும்பத் தலைவர் பொறுப்பில் இருக்கும். சமோவா வம்சாவளி இல்லாதவர் அதை வாங்கத் தடை உண்டு. அமெரிக்க அரசியலமைப்பு முழுசாக உள்ளே வந்தால், சமத்துவம் என்ற பேரில் அந்தத் தடை உடையும், வெளியாள் பணத்தோடு வந்து நிலத்தை வாங்கிடுவான் என்பது அவர்கள் பயம். நியாயமான பயம்தான்.

எனக்கு இதில் முதலில் குழப்பம் வந்தது. ஒரு பக்கம் முழு உரிமை கொடு என்று கேட்கிறார்கள். இன்னொரு பக்கம் எங்களை விட்டுடு என்கிறார்கள். எது சரி? யோசிச்சப்போ ரெண்டு குரலிலும் ஒரே கேள்விதான் இருக்கு என்று புரிஞ்சது. எங்களுக்கு எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம், எந்த நீதிபதி என்பதை யார் முடிவு பண்றது? நாங்களா, நீங்களா?

*இன்றைக்கு நிலைமை*

2013-ல் நியூயார்க்கிலிருந்து ஒருத்தர் புவேர்ட்டோ ரிக்கோவுக்குக் குடிபெயர்ந்தார். நோயாளி. நியூயார்க்கில் இருந்தபோது ஏழை முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தரும் ஃபெடரல் உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தார். தீவுக்குப் போன பிறகும் பணம் வந்துகொண்டிருந்தது. பிறகு அரசு விழித்துக்கொண்டு, தீவில் வாழ்பவருக்கு இந்த உதவி கிடையாது, வாங்கிய 28,081 டாலரைத் திருப்பிக் கொடு என்று வழக்குப் போட்டது. ஆளும் மாறல, நோயும் மாறல. மாறியது முகவரி மட்டும்தான்.

கீழே ரெண்டு நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றன. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் அரசு பக்கம் நின்றது. எதிர்த்த ஒரே நீதிபதி சோட்டோமேயர்; அவர் பெற்றோர் புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர்கள். பெரும்பான்மையோடு நின்ற நீதிபதி கோர்சச் கூடத் தனியாக ஒரு கருத்து எழுதினார். தீவு வழக்குகளுக்கு அரசியலமைப்பில் அடித்தளமே இல்லை, அவை இனவாதப் பார்வையில் நிற்கின்றன, அவற்றைத் தூக்கிப்போட வேண்டும் என்று.

ஆனாலும் தூக்கிப்போடவில்லை. முதலில் மனசுல வெச்சுக்கச் சொன்னேனே, அது இதுதான். பிரவுன் எழுதிய ரெண்டு தீர்ப்பில் ஒன்றைக் குப்பையில் போட்டாச்சு. இன்னொன்று 120 வருஷம் கடந்தும் அலமாரியில் பத்திரமாக இருக்கு. தனிப் பெட்டியில் உட்கார வைக்கப்பட்டவர்கள் போராடி ஓட்டுரிமையையும் வென்றெடுத்தார்கள். தீவு மக்களுக்கு அந்த ஓட்டு இன்னும் வரவில்லை.

நண்பர்களே, நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். இனி எந்த நாட்டைப் பற்றிப் பேசினாலும், அங்கே நீதிமன்றம் இருக்கா என்று மட்டும் கேட்காதீங்க. நீதிபதியை யார் நியமிக்கிறாங்க? யார் நீக்கலாம்? அந்த முடிவில் அங்கே வாழ்கிற மக்களுக்கு ஓட்டு இருக்கா? வழக்கு அவங்க மொழியில் நடக்குதா? இந்த நாலு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்க. நாலுக்கும் பதில் இல்லாத இடத்தில் கட்டடம் இருக்கும், கொடி இருக்கும், அங்கியும் இருக்கும். நீதி மட்டும் கப்பலேறி வரணும்னு கரையில் நின்று காத்திருப்பாங்க.

 தவறு இருந்தால் கமெண்ட்டில் சொல்லுங்க, திருத்திக்கிறேன். பிடிச்சிருந்தா நாலு பேருக்குப் பகிருங்க.

#ஒரே_கொடி_ரெண்டு_நீதி
#ஞாயிறு_பயிலரங்கம்